பரிகாரத்தின் விலையை யார் கொடுப்பது?

தென் திருவிதாங்கூர்ச் சமய வரலாறு: பகுதி 19

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முறைஜபம் நடக்கிறது. ஏழேழு நாளாக எட்டு முறை, மொத்தம் 56 நாள் வேதம் ஓதி, நிறைவு நாள் இரவில் லட்சதீபம் ஏற்றுகிறார்கள். அந்த இரவில் கோட்டைக்குள் நிற்பவருக்குக் கண் நிறைய ஒளிதான் தெரியும். ஆனால் இந்தச் சடங்கு ஒரு மன்னரின் மன உறுத்தலில் பிறந்தது என்பது திருவிதாங்கூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1729-இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா, தம்மை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை வேரறுத்தார். கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொரு நாடாகச் சேர்த்துக்கொண்டார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். நாடு பெருகியது, சிந்திய இரத்தமும் பெருகியது. அந்தப் பாவம் தீர வேண்டும் என்றே பத்ரதீபமும் முறைஜபமும் தொடங்கப்பட்டன என்பார்கள். கொல்லம் ஆண்டு 925 மகரம் 5, அதாவது 1750-இன் தொடக்கத்தில், நாடு முழுவதையும் பத்மநாபருக்கு ஒப்புக்கொடுத்துத் தாம் அவருடைய தாசராக நின்று ஆளத் தொடங்கினார் மன்னர். செய்த வினை செய்தவனோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தீர்க்க ஏதேனும் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு எவ்வளவு சொந்தமானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மைலாடியில் 1809-இல் எழுந்த முதல் புராட்டஸ்டண்ட் ஆலயத்தைப் பற்றிச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்தச் சபைகள் ஊர் ஊராக எடுத்துச் சென்ற செய்தியின் மையத்தை இந்தப் பகுதியில் எடுத்துக்கொள்வோம். மனிதரின் பாவத்துக்காகக் கிறிஸ்து தம்மைப் பலியாகக் கொடுத்தார் என்பது அந்தச் செய்தி. மன்னிக்கக் கடவுளுக்குப் பலி எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் எழுகிறது. கேட்பவர்கள் பகைவர்கள் அல்லர், நேர்மையாக யோசிப்பவர்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலி தேவையா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: பரிகாரத்தின் விலையை யார் கொடுப்பது? திருவிதாங்கூரின் வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பல விடைகள் நடைமுறையில் இருந்தன. அவற்றின் நடுவே வைத்துப் பார்த்தால்தான் கிறித்தவத்தின் விடையில் என்ன புதிது என்பது விளங்கும். அதை அறிவித்த திருச்சபைகள் அதற்கு எவ்வளவு உண்மையாக இருந்தன என்பதும் அப்போதுதான் தெரியும்.

முதலில் அரண்மனையின் விடை. மன்னரின் உறுத்தல் பொய்யல்ல. வென்றவன் தன் வெற்றியைப் பாவம் என்று எண்ணிக் கலங்குவது உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் அந்தப் பரிகாரத்தின் செலவு எங்கிருந்து வந்தது? முறைஜபத்துக்கு வந்த பிராமணர்களுக்கு ஊட்டுப்புரைகளில் நாள்தோறும் விருந்து நடந்தது. அரிசியும் காய்கறியும் விறகும் வாழையிலையும் நாடெங்குமிருந்து வந்து குவிந்தன. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய கடமைக்கு 'ஊழியம்' என்று பெயர். அதன் பாரம் நாடார், ஈழவர் போன்ற சாதிகளின் தலையில் விழுந்தது. அவர்களுக்கும் கீழே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த புலையரும் பறையரும் வயலில் உழைத்தார்கள். திருவனந்தபுரத்தில் பணியாற்றிய லண்டன் மிஷன் போதகர் சாமுவேல் மட்டீர் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்கு 'தர்ம பூமி' என்று பொருள்படும் பெயரை வைத்தார். தானத்தால் புகழ்பெற்ற நாடு என்று திருவிதாங்கூர் தன்னைப் பெருமையோடு அழைத்துக்கொண்ட பெயர் அது. தானம் செய்தவர் பெயர் கல்லில் நின்றது. தானப் பொருளைச் சுமந்து வந்தவர் பெயர் எங்கும் இல்லை. பாவத்தை உணர்ந்தவர் மேலே இருந்தார், பரிகாரத்தின் விலையைக் கொடுத்தவர் கீழே இருந்தார். இது மார்த்தாண்ட வர்மா ஒருவரின் குறையல்ல. அதிகாரம் உள்ளவர்கள் தங்கள் குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளும்போது உலகெங்கும் நடப்பது இதுதான்.

இரண்டாவது, ஊர்களின் விடை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரை பனங்காட்டு ஊர்களில் மாடனும் இசக்கியும் காவல் நின்றார்கள். கொடையன்று கிடா வெட்டினார்கள், சேவல் அறுத்தார்கள். இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களை, அதாவது நாடார்களை, பற்றி எழுதிய நூலில் இந்தப் பலிகளைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். அந்த மக்களை இழிவாகச் சித்திரித்த அந்த நூலின் பகுதிகள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது. ஆனால் பலியைப் பற்றி அவர் கண்ட ஒன்று நம் வாதத்துக்கு உதவுகிறது. இந்தப் பலிகள் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு இடப்படுபவை அல்ல. கோபம்கொண்ட ஒரு சக்தி நோயாகவும் சாவாகவும் வீட்டுக்குள் வரும்போது, ஓர் உயிரைக் கொடுத்து இன்னோர் உயிரை மீட்கும் முயற்சி அவை என்றார். உயிருக்கு உயிர் என்ற இந்த எண்ணம், சிலுவைச் செய்தியைக் கேட்க மக்களை ஆயத்தப்படுத்தியிருக்கிறது என்றும் அவர் கருதினார். மிஷனரிகள் பலர் இந்தப் பாலத்தின் வழியாகவே நடந்தார்கள். பாலத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. கிடாவைக் கேட்ட சாமிக்குப் பதில் மகனையே கேட்ட சாமி என்று கேட்பவர் புரிந்துகொண்டால், அச்சம் இடம் மாறுமே தவிர தீராது. கிறிஸ்து கிடாக்களிலெல்லாம் பெரிய கிடா ஆகிவிடுவார். இன்றும் சில கன்வென்ஷன் மேடைகளில் கேட்கும் பிரசங்கம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது விடை சாமித்தோப்பிலிருந்து வந்தது. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த அய்யா வைகுண்டர், கிடாவும் சேவலும் வேண்டாம் என்றார். பேய்க்கு அஞ்சிப் பலி கொடுப்பதை விடச் சொன்னார். அவரை ஏற்ற நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் கூடி, உடையைத் துவைத்து, நாளுக்கு மூன்று வேளை நீராடி, மரக்கறி மட்டும் உண்டு, துவையல் தவசு இருந்தன. சுவாதித் திருநாள் காலத்தில் அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. அது 1830-களின் இறுதி. அதே காலத்தில்தான், 1838-இல், ஜான் காக்ஸ் திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷனின் பணியைத் தொடங்கினார். ஒரே நகரில் ஒரே வேளையில், பலி வேண்டாம் என்றவர் சிறையில் இருந்தார். ஒரே பலி போதும் என்றவர் ஆலயம் கட்ட இடம் தேடினார். மிஷன் அறிக்கைகள் வைகுண்டரைத் தடையாகவே எண்ணி எழுதின. இன்று நின்று பார்க்கும்போது, இருவரும் ஒரே நோய்க்கு மருந்து தேடினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அச்சத்தால் கொடுக்கும் பலி மனிதரைச் சிறுமைப்படுத்துகிறது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. வைகுண்டர் அச்சத்தை நீக்கிப் பலியையும் நீக்கினார். கிறித்தவமோ பலி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அதன் திசையை மாற்றியது.

திசை மாறியது என்று எதை வைத்துச் சொல்கிறேன்? தமிழ் விவிலியத்தின் ஒரு சொல்லையே எடுத்துப் பார்ப்போம். 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பைத்தான் தென் திருவிதாங்கூரின் புராட்டஸ்டண்ட் வீடுகள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவருகின்றன. அதில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவைக் குறிக்கக் 'கிருபாதாரபலி' என்ற சொல் வருகிறது. கிருபை, ஆதாரம், பலி என்று மூன்றும் கோத்த சொல். கிருபையைப் பெற்றுத்தரும் பலி என்றும் இதைப் பிரிக்கலாம், கிருபையை ஆதாரமாகக் கொண்ட பலி என்றும் பிரிக்கலாம். இரண்டாவது பொருளே வசனத்தின் ஓட்டத்துக்கு இசைகிறது. ஏனென்றால் அங்கே அந்தப் பலியை ஏற்படுத்துகிறவர் கடவுள்தான். கிரேக்க மூலத்தில் உள்ள அதே சொல், எபிரெய விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடியைக் குறிக்கிறது. தமிழில் அதற்குக் 'கிருபாசனம்' என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை தலைமைக் குரு திரைக்குள் சென்று இரத்தம் தெளித்த இடம் அது. அந்த இடத்தை அமைக்கச் சொன்னவரும் கடவுள். லேவியராகமத்தின் 17-ஆம் அதிகாரம் இரத்தத்தில் உயிர் இருக்கிறது என்று சொல்லும்போது, பரிகாரத்துக்காக அதை உங்களுக்குக் கொடுத்தேன் என்று கடவுள் பேசுவதாகவே எழுதியிருக்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலியாகிறது, மற்றொன்றின் தலையில் குரு கைகளை வைத்து மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிட, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். தமிழில் அதற்குப் 'போக்காடு' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். அந்த ஆட்டை யாரும் தண்டிப்பதில்லை. அது சுமந்துகொண்டு போகிறது. பசித்த தெய்வத்துக்குத் தீனி போடும் சடங்கு இதில் எங்கும் இல்லை. கறையைக் கழுவவும் சுமையை அகற்றவும் கடவுளே வழி வகுக்கிறார் என்பதே இங்குள்ள எண்ணம்.

கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு, ரோமர் நிருபத்தின் அதே இடத்தில் 'கழுவாய்' என்ற சொல்லை எடுத்தது. அது நம் சங்கச் சொல். புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனிடம் பேசும்போது, பசுவின் மடியறுத்தவர் முதலான கொடியவர்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவருக்கு உய்வே இல்லை என்ற அறநூலின் கருத்தை எடுத்துச் சொல்கிறார். சில குற்றங்களுக்குச் செய்தவன் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது என்ற தெளிவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழுக்கு இருந்தது. அந்த இடத்தில் தமிழ் மனம் இன்னொன்றையும் கண்டது. சேர நாட்டு இளங்கோவின் காப்பியத்தில், கோவலன் கள்வனல்லன் என்று தெரிந்த கணமே பாண்டியன் அரியணையிலிருந்து விழுந்து உயிர்விடுகிறான். வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்தியது என்று பின்னால் சேரன் செங்குட்டுவன் சொல்கிறான். யாரும் அவனைத் தண்டிக்கவில்லை, எந்தத் தெய்வமும் அவன் உயிரைக் கேட்கவில்லை. நீதி வெறும் சொல்லாகிவிடக் கூடாது என்பதற்காக நீதியின் காவலனே விலையைத் தன் உடலில் ஏற்றான். 1098-இல் முடித்த நூலில் கான்டர்பரி ஆன்செல்ம் சொன்னதும் இதற்கு அருகில் வருகிறது. கெட்டுப்போன ஒழுங்கைச் சீராக்கும் கடமை மனிதனுக்கு உண்டு, ஆற்றல் இல்லை. ஆற்றல் கடவுளுக்கு உண்டு, கடன் இல்லை. ஆகவே கடவுளே மனிதரானார் என்பது அவர் வாதம். பாண்டியனுக்கும் கிறிஸ்துவுக்கும் வேறுபாடு பெரிது. பாண்டியன் தான் செய்த தவற்றுக்கு விலை கொடுத்தான். அப்படியும் மதுரை எரிந்தது. தாம் செய்யாத தவற்றின் விளைவை ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்டார், அதற்குமேல் எந்த நகரும் எரிய வேண்டியதில்லை என்பதே சிலுவையைப் பற்றிய நம்பிக்கை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். இந்தியாவில் முதலில் உரத்து எழுந்த மறுப்பு கல்கத்தாவிலிருந்து வந்தது. ராஜாராம் மோகன் ராய் 1820-இல் இயேசுவின் அறபோதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். பலியும் பரிகாரமும் அதில் இல்லை. மனம் திரும்பினால் மன்னிப்பு உண்டு, இயேசு கற்பித்தது அதுதான் என்றார். செராம்பூரின் ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாக மறுத்தார். 1823 வரை ராய் மூன்று முறை பதில் எழுதினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்ததால் சொந்தமாக அச்சகமே அமைத்துக்கொண்டார். அவரது கேள்விக்கு வலு உண்டு. ஊதாரி மகன் கதையில் தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அங்கே பலி எங்கே? கதையை இன்னொரு முறை நிதானமாகப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டான். வீட்டில் மிஞ்சியது மூத்தவனுக்கு உரியது. மோதிரமும் உடையும் கொழுத்த கன்றும் அதிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. மூத்தவன் வாசலிலேயே நின்று சண்டை போடுவதும் அந்தக் கன்றைப் பற்றித்தான். கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் காற்றில் கரைந்துபோவதில்லை. கொடுத்தவர் கணக்கில் நட்டமாக உட்காருகிறது. நம் வீடுகளில் யாரேனும் யாரையேனும் உண்மையாக மன்னித்திருந்தால், அந்த மன்னிப்பின் வலி மன்னித்தவர் நெஞ்சில்தான் இருந்திருக்கும். விலையில்லாமல் மன்னிப்பது என்பது, நடந்த தீங்கு பெரிதல்ல என்று சொல்வதாகிவிடும். பாதிக்கப்பட்டவர் முன்னால் அப்படிச் சொல்லக் கடவுளுக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. குற்றவாளியை விட்டுவிட்டுக் குற்றமற்றவரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியே எழுதிவைத்திருக்கிறாரே? கோபம்கொண்ட தந்தை ஒருபக்கம், இரக்கம்கொண்ட மகன் மறுபக்கம் என்று இருவராகப் பிரித்துப் பேசும் பிரசங்கத்துக்கு இந்தக் கேள்வி சாவுமணி அடிக்கிறது, அடிக்கத்தான் வேண்டும். மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்துவந்து தண்டித்தால் அது அநியாயமே. ஆனால் திருச்சபையின் ஆதி அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்துவுக்குள் இருந்து கடவுளே உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பதே பவுலின் வாதம். தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் இருந்தவரே இறங்கிவந்து விலையைக் கொடுத்தார் என்று இதற்குப் பொருள். கிறிஸ்து கடவுள் அல்லர் என்று வைத்துக்கொண்டால் சிலுவைப் பலி ஒரு கொடுமை. ராயின் நிலையில் நின்று பார்த்தால் அவர் அதை நீக்கியது சரி. பலியின் கொள்கையும் கிறிஸ்து யார் என்ற கொள்கையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது விழும். மார்ஷ்மன் இதைப் புரிந்திருந்தார், ராயும் புரிந்திருந்தார். அதனால்தான் அந்த விவாதம் பலியிலிருந்து தொடங்கி திரித்துவத்துக்குப் போய் முடிந்தது.

மூன்றாவது மறுப்பு விவிலியத்துக்குள்ளிருந்தே வருகிறது. பலியை விட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்றார் ஓசியா. 51-ஆம் சங்கீதம் நொறுங்கிய நெஞ்சையே பலி என்கிறது. புறா வாங்கவும் வழியில்லாத ஏழை ஒரு படியளவு மாவைக் கொண்டுவந்தாலும் பாவநிவாரணம் உண்டு என்று லேவியராகமமே விதிவிலக்குத் தருகிறது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தபோது, நற்செயலே இனி நமக்குப் பரிகாரம் என்று யோகனான் பென் சக்காய் தம் மக்களைத் தேற்றினார் என்பது யூத மரபு. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதியபோது, எங்கள் கோயில் கிரியைகளைப் பழிக்கும் நீங்கள் உங்கள் வேதத்தின் பலிபீடத்தையும் தூபத்தையும் விளக்கையும் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று பலர் நேராகப் பதில் சொல்லவில்லை. நேரான பதில் இதுதான்: மிருக இரத்தம் பாவத்தைப் போக்காது என்று எபிரெயர் நிருபமே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. பழைய பலிகள் நிழல்கள். நிழல் பொய்யல்ல, பொருள் எங்கோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். தீர்க்கதரிசிகள் கண்டித்தது, கிடாவைக் கொடுத்துவிட்டு ஏழையின் நிலத்தைப் பிடுங்கியவர்களை. ஒரு யூதரையோ சைவரையோ இந்த வாதம் கட்டாயப்படுத்தி இழுத்துவரும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நம்பிக்கைக்கு உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு, அதை இரத்தவெறி என்று ஒதுக்குவது நியாயமாகாது என்பதே நான் சொல்வது.

அந்த ஒரே பலியை எப்படி நினைவுகூர்வது என்பதில் திருவனந்தபுரத்துத் திருச்சபைகளுக்குள்ளேயே ஒருமை இல்லை. பாளையம் சூசையப்பர் பேராலயத்தில் தமிழ் பேசுவோர் 'திருப்பலி' என்கிறார்கள். பட்டம் பகுதியின் மலங்கரைப் பேராலயத்தில் அது 'குர்பானா'. காணிக்கை என்று பொருள்படும் சீரியச் சொல். லண்டன் மிஷன் வழிவந்த மட்டீர் நினைவு ஆலயத்தில் 'திருவிருந்து'. 1562-இல் திரெந்து பொதுச்சங்கம், பீடத்தில் நடப்பது அதே சிலுவைப் பலி, இரத்தம் சிந்தாத முறையில் என்று வரையறுத்தது; சீர்திருத்தச் சபைகள் பலி ஒருமுறையே முடிந்தது, இது அதன் நினைவு விருந்து என்றன. சில கிலோமீட்டருக்குள் இருக்கும் மூன்று ஆலயங்களின் மூன்று சொற்களில் 16-ஆம் நூற்றாண்டின் விவாதம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் புதிதாக எதையும் கொன்று கடவுளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதில் மூவரும் ஒன்று.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகக் கனமாகத் தெரிகிறது. பலியைப் போற்றும் சமயம், ஒடுக்கப்பட்டவரிடம் நீயும் பொறுத்துக்கொள், நீயும் பலியாகு என்று சொல்லிவிடாதா? விடையை மார்த்தாண்ட வர்மாவின் காலத்திலிருந்தே தொடங்கலாம். குளச்சலில் பிடிபட்டு மன்னரின் படைத்தலைவரான டிலனாய், துன்பத்தில் கலங்கியிருந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. துன்பமெல்லாம் பாவத்தின் தண்டனை என்று வாதிட்ட யோபுவின் நண்பர்களைக் கடவுளே கண்டிக்கும் கதை அது. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் மரணத்தைத் திருச்சபை சாட்சி என்கிறது. எவருடைய பாவத்துக்கும் பரிகாரம் என்று சொல்வதில்லை. பரிகாரம் முடிந்துவிட்டது, இனி எவரையும் அதற்காகக் கேட்க முடியாது என்பதே காரணம். ஒரே பலி போதும் என்றால் இன்னொரு மனிதரைப் பலியாக்க எவருக்கும் உரிமை இல்லை. திருவிதாங்கூரின் மிஷனரிகள் 1847-இல் அடிமை முறையை ஒழிக்கக் கோரி மகாராஜாவுக்கு மனு கொடுத்ததையும், 1853-இல் பாதியாகவும் 1855-இல் முழுமையாகவும் அது அறிவிப்பாக வந்ததையும் இந்த ஒளியில் படிக்க வேண்டும். அரசியல் நெருக்கடிகளும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனாலும் வயலில் விற்கப்பட்டவனுக்காகவும் கடவுள் விலை கொடுத்தார் என்று ஞாயிறுதோறும் சொல்லிவிட்டு, திங்களன்று அவனை விலைபேசுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத நிலையும் இருந்தது.

அதே நம்பிக்கை திருச்சபையைத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்பும் சொல்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த ஆலயம் இரண்டு நடைகளோடு கட்டப்பட்டது. ஒரு நடையில் வெள்ளாளர், மறு நடையில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள், இடையில் சுவர். இரண்டு நடைகளும் காற்சட்டையின் இரு கால்களைப் போலச் சாய்ந்துவந்து ஒரே பீடத்தில் சேர்ந்தன. அந்தப் பீடத்தில் நின்ற குருவுக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும். அப்பத்தை உயர்த்தும்போது இரு பக்கத்தாரும் ஒரே வேளையில் தலைகுனிந்திருப்பார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க முடியாது. கிறிஸ்து தம் மரணத்தால் நடுவிலிருந்த பிரிவினைச் சுவரைத் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. அந்த வசனத்தை நம்பிய ஊரில், அந்தப் பலியை நினைவுகூரும் பீடத்துக்கு முன்னாலேயே சுவர் நின்றது. 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் திரும்ப எழவில்லை. பலியின் கொள்கை பொய் என்பதற்குச் சிலர் அந்தச் சுவரைக் காட்டுவார்கள். அந்தச் சுவரை இடிக்கக் கிறித்தவருக்குள்ளேயே இருந்த வலுவான காரணமும் அந்தக் கொள்கைதான்.

திருவிதாங்கூர்க் கோயில்களில் மிருகபலியை 1925-இல் ராணி சேதுலட்சுமி பாய் நிறுத்தினார். 1968-இல் கேரளம் அதற்குத் தனிச் சட்டமே இயற்றியது. இன்று கேரளத்தின் பகவதி கோயில்களில் குருதி தர்ப்பணம் நடக்கும்போது உருளியில் இருப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் கண்முன்னே அது செக்கச் செவேலென்று மாறுகிறது. உயிர் எதுவும் போகவில்லை. நிறம் மட்டும் நிற்கிறது. விலை கொடுக்காமல் தீராது என்ற உணர்வை மனித மனம் எளிதில் விடுவதில்லை. ஆனால் அந்த விலையை எளியவர் தலையில் கட்டுவது இனி வேண்டாம் என்று நம் காலம் முடிவு செய்திருக்கிறது. அரண்மனையும் ஊர்க்கொடையும் சாமித்தோப்பும் மிஷன் ஆலயமும் வெவ்வேறு வழியில் வந்து நிற்கும் இடம் இதுதான். விலையைக் கடவுளே கொடுத்துவிட்டார் என்பது கிறித்தவத்தின் பதில். அதை ஏற்பவர்களுக்கு ஒரு கடமை மிஞ்சுகிறது: தங்கள் வயலிலும் வீட்டிலும் ஆலயத்திலும் இன்னும் யாராவது தங்களுக்காக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பது.

(அடுத்த பகுதியில்: 1847-ஆம் ஆண்டு மனுவும் அடிமை ஒழிப்பும்)